ஒசாகா தெருக்கடையில் சாப்பிட எதுக்கு கைடு? பிரைவேட் ஃபுட் டூருக்குப் பின்னால் இருக்கும் சட்டம், யென், மாசிக்கருவாடு

பார்க்க நம்ம ஊர் குழிப்பணியாரம் மாதிரியே இருக்கும். உள்ளே ஆக்டோபஸ் துண்டு, மேலே கறுப்பு சாஸ், மயோனைஸ். எட்டு உருண்டை 600, 700 யென். இன்றைய நிலவரத்தில் ஒரு யென் சுமார் 60 பைசா என்று வைத்தால், 400 ரூபாய்க்கு முன்பின். ஜப்பானின் ஒசாகா நகரத்தில் மூலைக்கு மூலை கிடைக்கும் டகோயாகி இதுதான்.

இந்த 400 ரூபாய் பலகாரத்தைச் சாப்பிட, மூன்று மணி நேரத்துக்குத் தனியாக ஒரு கைடு வைத்துக்கொள்கிறார்கள் வெளிநாட்டுப் பயணிகள். கூட்டத்தோடு சேர்ந்து போகும் டூர் என்றால் ஆளுக்கு 10,000 யென்னில் தொடங்கும். உங்கள் குடும்பத்துக்கு மட்டும் என்று பிரைவேட் டூர் கேட்டால் இரண்டு பேருக்கு 30,000 யென், அதற்கு மேலும் போகும். நம்ம பணத்தில் 18,000 ரூபாய்.

"தெருக்கடையில சாப்பிட எதுக்குங்க கைடு? கையைக் காட்டினா கொடுக்கப் போறாங்க" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒசாகாவில் கையைக் காட்டி வாங்கிய பலர் எதைச் சாப்பிட்டோம் என்று தெரியாமலே ஊர் திரும்பியிருக்கிறார்கள். அதில் நம்மவர்களும் உண்டு.

தெருக்கடை இருக்கு, தெருவில் இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'ஸ்ட்ரீட் ஃபுட்' என்றதும் நமக்குத் தள்ளுவண்டியும் பிளாட்பாரக் கடையும்தான் நினைவுக்கு வரும். ஜப்பானில் அது மிகக் குறைவு. சாலையை மறித்துக் கடை போட போலீஸ் அனுமதி, உணவு விற்க சுகாதாரத் துறை அனுமதி என்று கெடுபிடி அதிகம். திருவிழா நாட்களில் வரும் தற்காலிகக் கடைகளைத் தள்ளிவிட்டால், தெருவில் கடை போடும் பழக்கம் பெரிய அளவில் உயிரோடு இருப்பது தெற்கே ஃபுகுவோகா நகரத்தில்தான். அங்கே 'யதாய்' எனப்படும் தள்ளுவண்டிக் கடைகள் 1960களில் 400-க்கும் மேல் இருந்தன. இப்போது சுமார் 100. இருக்கிறவர்களோடு உரிமம் முடிந்துவிடும், புதியவர்களுக்குக் கிடையாது என்ற நிலையில் அவை அழிந்துபோக இருந்தன. 2013-ல் அந்த நகராட்சி தனியாக ஒரு சட்டமே போட்டு, விண்ணப்பம் வாங்கிப் புதியவர்களுக்கு இடம் கொடுத்ததால் பிழைத்தன. விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும், பச்சை மீன் பரிமாறக் கூடாது என்பதெல்லாம் அங்கே விதி.

ஒசாகா கதை வேறு. இங்கே கடைகள் கட்டடத்துக்குள் இருக்கும், ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கும். டோட்டன்போரி என்ற கால்வாய் 1615-ல் வெட்டி முடிக்கப்பட்டது. அதன் கரையில் நாடகக் கொட்டகைகள் வந்தன, நாடகம் பார்க்க வந்தவர்களுக்காகச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. கொட்டகைகள் போய்விட்டன, கடைகள் தங்கிவிட்டன. ஓடிவரும் வீரர் படம் போட்ட கிளிகோ விளம்பரப் பலகை 1935 முதல் அங்கே நிற்கிறது, இப்போது இருப்பது ஆறாவது. டகோயாகியும் அதே 1930களில் ஒசாகாவில் பிறந்ததுதான். கொஞ்சம் தெற்கே போனால் ஷின்செகாய். சூட்டென்காகு கோபுரத்தைச் சுற்றி, குச்சியில் செருகி எண்ணெயில் பொரிக்கும் குஷிகட்சு கடைகள். சாப்பிட்டே ஓட்டாண்டி ஆவது என்று பொருள்படும் 'குய்தாவோரே' என்ற சொல்லைத் தங்கள் ஊர்ப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்கள் ஒசாகாக்காரர்கள்.

அப்படியென்றால் கைடு எதை விற்கிறார்?

டோட்டன்போரி பிரதான வீதியில் கைடு தேவையில்லை. ஆங்கில மெனு, படம் போட்ட பலகை, டச் ஸ்கிரீன் எல்லாம் இருக்கிறது. சிக்கல் அதற்கு இரண்டு தெரு பின்னால் தொடங்குகிறது. எட்டு ஸ்டூல், ஒரு கல்லு, ஒரு முதலாளி. மெனு கையால் எழுதிச் சுவரில் ஒட்டிய ஜப்பானியத் துண்டுச் சீட்டுகள். உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலே சின்னக் கிண்ணத்தில் ஏதோ ஒன்று வரும். பில்லில் அதற்கு 300, 500 யென் ஏறியிருக்கும். 'ஒதோஷி' என்று பெயர். ஏறக்குறைய உட்காரும் கட்டணம். தெரியாதவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவதும், கடைக்காரர் புரியாமல் விழிப்பதும் சகஜம்.

கடைக்காரர் பக்கமும் பாருங்கள். எட்டு ஸ்டூலில் நான்கு ஸ்டூலை மொழி தெரியாத ஒரு குடும்பம் பிடித்து, ஒரே ஒரு பிளேட் சொல்லி, நாற்பது நிமிடம் போட்டோ எடுத்தால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். அதனால்தான் சில சின்னக் கடைகள் மொழி தெரியாதவர் எட்டிப் பார்த்தாலே இடம் இல்லை என்று கையைக் குறுக்கே காட்டிவிடுகின்றன. இது எப்போதும் வெறுப்பு கிடையாது. பயம்தான் பாதி.

கைடு நிற்கும் இடம் இது. ஆளுக்கு ஒன்றாவது ஆர்டர் செய்வார்கள், இருபது நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள், ஒதோஷிக்குச் சண்டை வராது என்று கடைக்காரருக்கு அவர் ஒரு உத்தரவாதம். பயணிக்கு அவர் ஒரு மொழி. பிரைவேட் டூரில் இரண்டு, மூன்று பேர்தான் என்பதால் சின்னக் கடைக்குள் நுழைய முடிகிறது. பத்துப் பேர் குரூப் டூர் இந்தக் கடைகளுக்குப் போகவே முடியாது, பெரிய கடைகளுக்குத்தான் போகும். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இதற்குத்தான்.

2018-ல் மாறிய சட்டம்

இந்தத் தொழில் இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கு ஒரு சட்டத் திருத்தம் காரணம். போருக்குப் பிறகு 1949-ல் ஜப்பான் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பயணியிடம் காசு வாங்கிக்கொண்டு அந்நிய மொழியில் ஊர் சுற்றிக் காட்ட வேண்டுமானால் அரசுத் தேர்வில் தேறி, பதிவு செய்திருக்க வேண்டும். வரலாறு, புவியியல், மொழி எல்லாம் கேட்கும் கடினமான தேர்வு. மொத்தம் 10 மொழிகளில்தான் நடக்கிறது. ஆங்கிலம், சீனம், கொரியன், தாய்லாந்து மொழியெல்லாம் உண்டு. தமிழும் இல்லை, இந்தியும் இல்லை.

2012-ல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 83 லட்சம் பேர். 2017-ல் அதுவே 2.86 கோடி. ஐந்தே வருடத்தில் மூன்று மடங்குக்கும் மேல். அத்தனை பேருக்குப் பதிவு பெற்ற கைடுகள் எங்கே போவது? 2018 ஜனவரி 4 முதல் அந்தக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. இப்போது யார் வேண்டுமானாலும் காசு வாங்கிக்கொண்டு கைடு வேலை செய்யலாம். தேர்வு தேறியவர்களுக்கு மிஞ்சியிருப்பது பட்டம் மட்டும். 'தேசிய உரிமம் பெற்ற கைடு' என்று மற்றவர்கள் போட்டுக்கொள்வது இன்றும் குற்றம்.

விளைவு இரண்டு பக்கமும் உண்டு. கோவில், கோட்டை வரலாற்றை மனப்பாடம் செய்த பழைய கைடைவிட, தினமும் அந்தச் சந்தில் சாப்பிடும் ஒரு ஒசாகாக்காரர் ஃபுட் டூருக்குப் பொருத்தமானவர்தான். ஜப்பானில் வேலை, குடும்பம் என்று முறையான விசாவில் வாழும் வெளிநாட்டவர்களும் விசா அனுமதிக்கும் அளவில் இதில் இறங்கியிருக்கிறார்கள். மறுபக்கம், நேற்று வந்து இன்று கைடு ஆனவர்களும் இருக்கிறார்கள். டூரிஸ்ட் விசாவில் வந்தவர் காசு வாங்கிக் கைடு வேலை பார்த்தால் அது சட்டவிரோத வேலை. "நம்ம ஊர் ஆள், குறைஞ்ச ரேட்" என்று வாட்ஸ்அப்பில் வரும் எல்லோரையும் நம்ப வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம். ஹோட்டலும் காரும் சேர்த்து ஒருவர் ஏற்பாடு செய்து தருகிறேன் என்றால் அது பயண நிறுவனச் சட்டத்துக்குள் வரும். அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

18,000 ரூபாய் எங்கே போகிறது?

ஒரு உதாரணக் கணக்கு. இருவருக்கு 30,000 யென் என்று வைத்துக்கொள்வோம். புக்கிங் ஆப்கள் பொதுவாக 20 முதல் 30 சதவீதம் வரை கமிஷன் எடுக்கும். 25 என்று வைத்தால் 7,500 போயிற்று. நான்கைந்து கடையில் இரண்டு பேரும் கைடும் சாப்பிட, குடிக்க 10,000 யென். மிச்சம் 12,500. மூன்று மணி நேர டூர், முன்னும் பின்னும் போக்குவரத்து, கடைக்குப் போன் செய்து இடம் கேட்பது எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் என்றால் மணிக்கு 2,500 யென். ஒசாகாவின் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் முதல் மணிக்கு 1,177 யென். நல்ல வருமானம்தான். ஆனால் மழை பெய்து கேன்சல் ஆனால் பூஜ்யம். பார்க்கும்போது தோன்றுவதுபோல் கொள்ளை லாபம் இல்லை.

இந்தக் கணக்கில் தெளிவாகத் தெரியும் ஒரு விஷயம்: சாப்பாட்டுக்குப் போவது மூன்றில் ஒரு பங்கு மட்டும். அதனால் "எத்தனை கடை, எத்தனை ஐட்டம்" என்று எண்ணிக்கை பார்த்து டூர் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் குறைவு. பன்னிரண்டு ஐட்டம் என்று விளம்பரம் செய்யும் டூர்களில் பாதி, பிரதான வீதியில் நீங்களே வாங்கக் கூடியவை.

யென் மதிப்பு சரிந்ததும் இதில் பெரிய பங்கு. 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 161 யென் வரை போனது, 1986-க்குப் பிறகு இல்லாத சரிவு. வெளிநாட்டவருக்கு ஜப்பான் மலிவாகிவிட்டது. 2024-ல் 3.68 கோடி பேர் வந்தார்கள், அதில் இந்தியர்கள் சுமார் 2.33 லட்சம். 2025-ல் மொத்த எண்ணிக்கை முதல்முறையாக 4 கோடியைத் தாண்டியது. ஒசாகாவில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நடந்த உலகக் கண்காட்சி வேறு. அதே ஆண்டு நவம்பரில், தைவான் பற்றி ஜப்பான் பிரதமர் பேசியதால் கோபமடைந்த சீனா, தன் மக்களை ஜப்பானுக்குப் போக வேண்டாம் என்று சொன்னது. சீனப் பயணிகளை அதிகம் நம்பியிருந்த ஒசாகாவுக்கு அது பலமாகவே அடித்தது.

மாசிக்கருவாடு சிக்கல்

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மாசிக்கருவாடு தெரியும் அல்லவா? சூரை மீனை அவித்து, காயவைத்துக் கட்டை மாதிரி ஆக்கி, இடித்துக் குழம்பில் போடுவது. தூத்துக்குடியில் கிடைக்கும், இலங்கையில் அது இல்லாமல் சம்பலே இல்லை. ஏறக்குறைய அதே பொருள்தான் ஜப்பானின் 'கட்சுவோபுஷி'. அதைச் சீவி, கடற்பாசியோடு சேர்த்து வெந்நீரில் இறக்கிய சாறு 'தாஷி'. நமக்குப் புளித்தண்ணி எப்படியோ அப்படி அவர்கள் சமையலுக்குத் தாஷி.

டகோயாகி மாவைக் கரைப்பது தாஷியில். அதனால் "ஆக்டோபஸ் போடாமல் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினாலும் அது சைவம் ஆகாது. மாவில் முட்டையும் இருக்கும். முட்டைக்கோஸ் நிறையப் போட்ட அடை மாதிரி இருக்கும் ஒகோனோமியாகியிலும் இதே கதைதான், கூடவே பன்றி இறைச்சித் துண்டு. ஒசாகாவின் கித்சுனே உடோன் நூடுல்ஸ் இன்னும் மோசமான பொறி. மேலே பொரித்த டோஃபு மட்டும்தான் தெரியும், பார்த்தால் சுத்த சைவம். குழம்பு முழுக்கத் தாஷி. குஷிகட்சுவில் தாமரைத் தண்டு, வெங்காயம், கத்தரிக்காய் எல்லாம் உண்டு. ஆனால் மாட்டிறைச்சி பொரித்த அதே எண்ணெயில்தான் அதுவும் விழும். பல கடைகளில் அந்த எண்ணெயிலேயே விலங்குக் கொழுப்பு கலந்திருக்கும். முஸ்லிம் பயணிகளுக்கு இன்னொரு அடுக்கு: சாஸிலும் மசாலாவிலும் மிரின், சாகே என்று அரிசி மது கலப்பது வழக்கம்.

இதில் யாரும் ஏமாற்றுவதில்லை. "இறைச்சி இல்லைதானே?" என்று கேட்டால் "இல்லை" என்று கடைக்காரர் மனதார உண்மையைச் சொல்வார். அவர் மொழியில் 'நிகு' என்றால் ஆடு, மாடு, பன்றி, கோழிக் கறி. மீன் சாறு அந்தக் கணக்கிலேயே வராது. மொபைல் டிரான்ஸ்லேட்டர் சொல்லை மாற்றும், இந்த வித்தியாசத்தைக் கேட்டுச் சொல்லாது.

அலர்ஜி உள்ளவர்களுக்கு இது மத நம்பிக்கையைத் தாண்டி உயிர் விஷயம். பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவில் முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, இறால், நண்டு உள்ளிட்டவை இருந்தால் எழுதியே ஆக வேண்டும் என்று ஜப்பான் சட்டம் சொல்கிறது. கடையில் அப்போதே சமைத்துக் கொடுக்கும் உணவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆக, தெருக்கடையில் உங்களுக்கும் இறாலுக்கும் நடுவில் நிற்பது கைடின் ஒரு கேள்வி மட்டும்தான். 18,000 ரூபாய் கொடுப்பதற்கு ஒரு உருப்படியான காரணம் வேண்டும் என்றால், இது.

உள்ளூர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

டோட்டன்போரியிலிருந்து நடக்கும் தூரத்தில் குரோமோன் மார்க்கெட். சுமார் 600 மீட்டர் நீளத்துக்குக் கூரை போட்ட சந்தை. ஒசாகா சமையல்காரர்கள் மீனும் காய்கறியும் வாங்கும் இடமாக இருந்ததால் 'ஒசாகாவின் சமையலறை' என்று பெயர். இன்று அங்கே வெளிநாட்டவருக்காக நண்டுக் காலும் வாக்யு மாட்டிறைச்சிக் குச்சியும் சில ஆயிரம் யென்னுக்கு விற்கிறார்கள். ஒரு குச்சி விலையில் உள்ளூர்க்காரர் இரண்டு வேளை சாப்பிடலாம். விளைவு, உள்ளூர்க்காரர்களில் பலர் அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துவிட்டார்கள். சமையலறையில் வீட்டு ஆட்களைக் காணோம்.

நல்ல கைடுகள் இப்போது குரோமோனைத் தவிர்த்துவிட்டு, ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி, குடியிருப்புப் பகுதிக் கடைகளுக்குக் கூட்டிப் போகிறார்கள். கூட்டம் பிரிவது நல்லதுதானே என்று தோன்றும். நல்லதுதான், அந்தத் தெருவும் இன்ஸ்டாகிராமில் ஏறும் வரைக்கும்.

நடந்துகொண்டே சாப்பிடுவதும் ஒரு தகராறு. கமகுரா நகராட்சி 2019-ல், நெரிசலான இடத்தில் அப்படிச் சாப்பிட வேண்டாம் என்று சட்டமாகவே எழுதியது. அபராதம் கிடையாது. கியோட்டோவின் நிஷிகி மார்க்கெட்டிலும் அதே வேண்டுகோள். ஒசாகா இதில் கொஞ்சம் தாராளம், ஆனாலும் வாங்கிய கடை முன்னாலேயே நின்று சாப்பிட்டு, குச்சியையும் தட்டையும் அங்கேயே கொடுத்துவிடுவதுதான் மரியாதை. ஜப்பானியத் தெருக்களில் குப்பைத்தொட்டி தேடினாலும் கிடைக்காது. சிகரெட் பழக்கம் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2025 ஜனவரி 27 முதல் ஒசாகா நகரம் முழுக்கத் தெருவில் புகைக்கத் தடை.

அரசு வேறு வழியில் கையை வைக்கிறது. நாட்டை விட்டுக் கிளம்பும்போது டிக்கெட்டோடு வசூலிக்கும் 1,000 யென் வரியை 2026 ஜூலை முதல் 3,000 ஆக்க முடிவு செய்திருக்கிறார்கள். ஒசாகாவுக்கு மேற்கே ஹிமேஜி கோட்டையில் 2026 மார்ச் முதல் ஊர்க்காரருக்கு 1,000 யென், வெளியூர்க்காரருக்கு 2,500 யென். தெருக்கடைகளுக்கும் இரட்டை விலை வருமா என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது.

புக் செய்வதற்கு முன்

உணவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாதவர், டோட்டன்போரியை ஒருமுறை பார்த்தால் போதும் என்பவர், தாராளமாகக் கைடு இல்லாமல் போகலாம். டகோயாகியைச் சுடச்சுட வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொள்ள யார் உதவியும் தேவையில்லை. பார்சலாக வாங்கினால் வரி 8 சதவீதம், கடையிலேயே சாப்பிட்டால் 10. டிப்ஸ் வைக்க வேண்டாம், மறந்து வைத்துவிட்டதாக நினைத்துத் துரத்திக்கொண்டு வந்து கொடுப்பார்கள்.

சைவம், ஹலால், ஜைன உணவு, அலர்ஜி என்று ஏதாவது இருந்தால் பிரைவேட் டூர்தான் சரி. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். உணவு, குடிபானம் கட்டணத்தில் அடக்கமா, ஒதோஷி யார் கொடுப்பது, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், உரிமம் பெற்ற கைடு என்றால் பதிவு அட்டையைக் காட்டுவாரா. அதோடு, உங்கள் கட்டுப்பாட்டை ஒரு சொல்லில் முடிக்காமல் விரித்து எழுதுங்கள். 'வெஜ்' என்று மட்டும் எழுதினால் போதாது. மீன் சாறு, முட்டை, பொதுவான எண்ணெய் மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும்.

"நோ பிராப்ளம், எல்லாம் வெஜ் கிடைக்கும்" என்று அடுத்த நிமிடமே பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஒசாகாவில் அவ்வளவு சுலபமாக அது கிடைப்பதில்லை. "தாஷி சேர்த்தால் பரவாயில்லையா? ஒரே எண்ணெயில் பொரித்தால் சாப்பிடுவீர்களா? அப்படியென்றால் மூன்று கடைதான் போக முடியும், ஐந்து முடியாது" என்று திருப்பிக் கேட்கிறவர் கிடைத்தால், அவரிடம் புக் செய்யலாம்.